கயிற்றைப் பிடித்துச் சொன்ன சொல்

தொடையில் சாம்பலைப் பூசிக்கொண்டு இரண்டு கைகளும் நாரை உருட்டிக்கொண்டிருந்தன. வலது உள்ளங்கை முழங்காலை நோக்கிப் போகும்போது புரி முறுக்கேறும். திரும்பி வரும்போது இரண்டு புரிகளும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு படியும். மூன்றாவது புரியை அப்புறம்தான் ஏற்ற வேண்டும். இடது கையின் வேலை நார் எடுத்துக் கொடுப்பது. எவ்வளவு எடுக்க வேண்டும் என்பது அந்தக் கைக்குத் தெரியும். ஒரு இழை கூடினால் கயிற்றில் முண்டு விழும், முண்டு கழுத்தில் உரசும். அப்படி விழுந்த இடத்தில் கைகள் நின்றன, ஒரு சாண் அவிழ்த்தன, மறுபடி திரித்தன.

நல்ல சணப்பு நார். ஒரு தோட்டக்காரருக்குக் கிணற்றுக் கமலை வடம் திரிப்பதற்காக ஊறப் போட்டு உரித்து, அடித்து அலசிக் காயவைத்தது. இப்போது அது வடமாகப் போவதில்லை. நான்கு முழத்தில் முப்பத்தேழு கழுத்துக் கயிறுகள் வேண்டும். முப்பத்தேழும் திரிக்கிற வீட்டு மாடுகளுக்கேதான். விற்றுப் போகிற மாடுகள்.

மலைமாட்டுக்குக் கயிறு கிடையாது. உழவு மாடு போலவோ கறவை மாடு போலவோ அதை யாரும் கட்டிப் போடுவதில்லை. தொழுவில் அவிழ்ந்தபடியே நிற்கும். காலையில் படலைத் திறந்தால் பட்டத்துக் காளை முன்னால் நடக்கும், மற்றவை அதன் பின்னால் மலை ஏறும். பட்டத்துக் காளை சாமிக்கு விட்டது. அதன் கழுத்தில் மட்டும் ஒரு கயிறு உண்டு, அதை விற்பதும் இல்லை. மற்ற மாட்டை விற்றால், வாங்குகிறவர் தம் கயிற்றைக் கொண்டுவந்து கட்டி ஓட்டிப் போக வேண்டும். விற்கிற வீட்டுக் கயிறு மாட்டோடு போகக் கூடாது. போனால் அந்தத் தொழுவம் அதற்குப் பிறகு துலங்காது என்பார்கள். விற்கிற வீட்டுக்காரி உட்கார்ந்து வாங்குகிறவருக்குக் கயிறு திரித்துக் கொடுத்ததாக அந்த மலையடியில் யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

மொக்கம்மாள் திரித்துக்கொண்டிருந்தாள்.

அவள் பிறந்தது பொட்டிப்புரம். பதினைந்து வயதில் கருத்தக்கண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு, சின்னமனூருக்குக் கிழக்கே மலையடியில் இருக்கிற கன்னிமார்பட்டிக்கு வந்தாள். பதினைந்து வீடு, பதினைந்து தொழு. அவள் வந்த வருஷம் தொழுவில் பதினோரு மாடுகள் நின்றன. கயிறு திரிக்க யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. சந்தையிலிருந்து வந்த ஒரு பழைய வடத்தைப் புரி புரியாகப் பிரித்துப் பார்த்தாள். பிரித்ததைத் திரும்ப முறுக்கினாள். அறுந்தது. எங்கே அறுந்தது என்று பார்த்தாள். இப்படியே மூன்று வருஷம். அதன் பிறகு, மார்க்கையன்கோட்டை வரைக்கும் இருந்த தோட்டக்காரர்கள் கிணற்று வடத்துக்கு அவள் வாசலில் வந்து நின்றார்கள். மொக்கம்மாள் வடம் நாலு கோடை தாங்கும் என்று பெயர். ஒரே மகளை ஜெயமங்கலத்தில் கட்டிக் கொடுத்தாயிற்று. மிச்சமெல்லாம் மாடுதான்.

மாடுகளுக்கு மலைதான் எல்லாம். ஊருக்கு மேலே ஒன்றரை மணி நேரம் ஏறினால் நரிமேடு. தை பிறந்த பிறகும் பசேலென்று புல் நிற்கிற இடம். அங்கே மேய்க்கக் காட்டிலாகாவில் வருஷத்துக்கு ஒரு சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இருந்தாலும் காட்டுக் காவலுக்கு நிற்கிற கார்டு மறிப்பார். மறித்தால் ஒரு சொம்பு நெய், இரண்டு கோழி. இது கருத்தக்கண்ணனின் அப்பா காலத்திலிருந்து நடப்பது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் சட்டசபைத் தேர்தல் வந்தது. தேர்தலில் நின்ற அபேட்சகர்களுக்கு ஆளுக்கொரு நிறத்தில் ஓட்டுப் பெட்டி. பெரியகுளம் வக்கீல் தெய்வசிகாமணிக்குப் பச்சைப் பெட்டி. அவர் பள்ளத்தாக்கு முழுவதும் காரில் சுற்றினார். சின்னமனூரில் பேசும்போது கிஸ்தியைக் குறைக்க வேண்டும், இரண்டாம் போகத்துக்கும் வாய்க்காலில் தண்ணீர் விட வேண்டும் என்றார். கம்பத்தில் கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றார். உத்தமபாளையத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்றார். போடியில் மலைத்தோட்டக்காரர்கள் கூட்டிய கூட்டத்தில், மேகமலைக்கு நல்ல ரோடும், காப்பிக்கும் தேயிலைக்கும் இன்னும் நிலமும் வேண்டும் என்றார். பொய் பேசுகிற ஆள் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் எதிரே இருந்த முகங்களைப் பார்த்தார், அவர்களுக்கு எது வேண்டுமோ அது நியாயம் என்று அவருக்கு மெய்யாகவே பட்டது. ஒன்றை ஒன்றோடு வைத்துப் பார்க்க அவருக்கு நேரம் இல்லை.

கன்னிமார்பட்டிக்குக் கார் வராது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டி நடந்தே வந்தார். அதற்காகவே பதினைந்து வீட்டுக்கும் அவரைப் பிடித்துப் போயிற்று. கருத்தக்கண்ணன் தொழுவில்தான் எல்லோரும் கூடினார்கள். மொக்கம்மாள் ஒரு சொம்பு பால் கொடுத்தாள். அவர் நின்றபடியே குடித்து முடித்தார்.

“வக்கீலய்யா சொம்புப் பாலையும் ஒரே மூச்சுல குடிச்சுட்டாக. ஓட்டையும் இப்படித்தான் குடிப்பாக போல” என்றாள் பக்கத்து வீட்டுச் சோணையம்மாள். அவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

கருத்தக்கண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. “ஐயா, எங்களுக்குத் தண்ணி வேணாம், ரோடு வேணாம். மலை வேணும். சீட்டு வாங்கியும் மறிக்கிறாக. நரிமேடு இல்லாட்டி இந்த வாயில்லாச் சீவனுக எங்கிட்டுப் போகும்?” என்றான்.

வக்கீல் பதில் சொல்ல வாயெடுத்தபோது பட்டத்துக் காளை தலையை ஆட்டிக்கொண்டு அவர் பக்கம் நகர்ந்தது. அது புது ஆளை மோந்து பார்க்கிற காளை, முட்டாது. அவருடைய கை சட்டென்று போய் அதன் கழுத்துக் கயிற்றைப் பிடித்தது. பிடித்தபடியே, “நான் சட்டசபைக்குப் போனால் இந்த மலைப்புல் உங்கள் மாட்டுக்குத்தான். இதில் மாற்றமே இல்லை” என்றார்.

தொழுவில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

அந்தப் பதினைந்து வீட்டிலும் கன்றுக்குட்டியை வளர்ப்பு வாரத்துக்கு விடுவது, பங்கு பிரிப்பது, பெண் கேட்பது எல்லாம் பட்டத்துக் காளையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார்கள். பிடித்துச் சொன்ன சொல்லுக்குச் சாட்சி வேண்டாம், காகிதம் வேண்டாம். அதன் பிறகும் எழுதிக் கொடு என்று கேட்டால், கேட்டவன்தான் குற்றம் செய்தவன். ஒரு குடம் பாலைக் கன்னிமார் கல்லில் ஊற்றிவிட்டுத்தான் அவன் கூட்டத்தில் உட்கார முடியும். நகரத்து வக்கீல் ஒருவர் யாரும் சொல்லாமலே கயிற்றைப் பிடித்துச் சொல்லிவிட்டார். கருத்தக்கண்ணனின் கண் கலங்கியிருந்தது.

மொக்கம்மாள் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய கையை. கயிறு பிடிக்கிற கைகளை ஆயுள் முழுக்கப் பார்த்தவள். அந்தக் கை சொல் கொடுக்கப் பிடித்த கை இல்லை. விரல் கணுக்கள் வெளுத்திருந்தன, கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது. அவர் பயத்தில் பிடித்திருந்தார். காளை நகர்ந்ததும் விட்டுவிட்டு, உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அன்று ராத்திரிச் சோற்றைப் போடும்போது சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். கருத்தக்கண்ணன் வட்டிலைத் தொடாமல், “எங்கப்பன் இருந்து இதைப் பாக்கக் கொடுத்து வைக்கலையே” என்றான். இருபத்தெட்டு வருஷத்தில் அவன் முகத்தை அப்படி அவள் பார்த்ததில்லை. குழம்பை ஊற்றினாள். சொல்லவில்லை.

அவன் பெயரில் மூன்று குறுக்கம் மானாவாரிப் பட்டா இருந்ததால் அவனுக்கு ஓட்டு உண்டு. சின்னமனூர் பள்ளிக்கூடத்தில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய், பச்சைப் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சீட்டைப் போட்டான். வக்கீல் ஜெயித்தார். அந்த வருஷம் கார்டும் கொஞ்சம் அடங்கித்தான் இருந்தார்.

அடுத்த வருஷம் ஆடியில் சாவடிச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஊரில் யாருக்கும் படிக்கத் தெரியாது. வாரம் ஒரு நாள் ராயப்பன்பட்டியிலிருந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வருகிற வாத்தியாரம்மா ஜெபராணிதான் படித்துச் சொன்னாள். நரிமேடும் அதைச் சுற்றிய புல்லும் ஒரு தேயிலைக் கம்பெனிக்குக் குத்தகைக்குப் போகிறது. ஆட்சேபணை இருந்தால் மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம்.

ஜெபராணி அங்கிருந்து நேரே கருத்தக்கண்ணன் வீட்டுக்கு வந்தாள். “அண்ணே, ஒரு காகிதம், ஒரு கைநாட்டு. நானே எழுதித் தாரேன். பதினஞ்சு வீட்டுலயும் வாங்கிருவோம்.”

“வேணாம்மா.”

“ஏண்ணே?”

“வக்கீலய்யா கயித்தப் பிடிச்சுச் சொல்லியிருக்காக. அதுக்கு மேல நான் எழுதிக் கேட்டா, அவுக சொல்லை நம்பலைன்னு ஆகிப்போகும்.”

“அவுக சொன்னது அவுககிட்ட இருக்கட்டும். இது ஆபீசுக்குப் போற காகிதம்ணே. ஆபீசுக்குக் கயிறு தெரியாது.”

“ஆபீசுக்குத் தெரியாட்டி என்னம்மா? அவுகளுக்குத் தெரியுமே. அவுகதானே அங்கன போய் உக்காந்திருக்காக.”

சோணையம்மாள் படலுக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏண்ணே, கைநாட்டு வைக்கப் பயமா? விரல்ல மை ஒட்டிக்கிட்டா மாடு மோந்து பாத்து, நீ யாருன்னு கேக்கும்னா?”

“ஏத்தா, நீ வேணா வச்சுக்க. வச்சுட்டு ஒரு கொடம் பாலைக் கொண்டுபோய் ஊத்து.”

சோணையம்மாள் படலிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். கருத்தக்கண்ணன் வைக்காத இடத்தில் மற்ற பதினான்கு வீடும் வைக்காது. ஜெபராணி மொக்கம்மாளைத் திரும்பிப் பார்த்தாள். “நீங்களாவது சொல்லுங்கக்கா.”

மொக்கம்மாள் மடியில் பாதி திரித்த வடம் கிடந்தது. அவர் பயந்துதான் பிடித்தார், நான் பார்த்தேன் என்கிற வார்த்தை தொண்டை வரை வந்தது. ஊர்ப் பெண் ஒருத்தியின் முன்னால், வேற்று ஊர் வாத்தியாரம்மாவின் முன்னால், தன் புருஷனின் நம்பிக்கையை எப்படி உடைப்பது? அவர்கள் போனதும் சொல்லலாம். போனார்கள். மூன்று மாதம் இருக்கிறதே என்று நினைத்தாள். ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. ஐப்பசியில் ஒரு நாள் சாவடிப் பக்கம் போனபோது, நோட்டீஸ் மழையில் நனைந்து பாதி உரிந்து தொங்கியது. கெடு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

மாசியில் கம்பெனி ஆட்கள் நரிமேட்டைச் சுற்றிக் கல் நட்டு முள்கம்பி இழுத்தார்கள். அப்போதும் கருத்தக்கண்ணன் கலங்கவில்லை. “அவுகளுக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சா விடமாட்டாக” என்றான். மொக்கம்மாளையும் கூட்டிக்கொண்டு பெரியகுளத்துக்குப் பஸ் ஏறினான்.

வக்கீல் அவர்களை உடனே உள்ளே கூப்பிட்டார். காப்பி கொடுக்கச் சொன்னார். “உன் வீட்டுப் பால் இன்னும் நாக்கில் நிற்கிறதய்யா” என்றார். அது மெய்தான் என்று அவர் முகத்தில் தெரிந்தது. கருத்தக்கண்ணன் கம்பி வேலியைப் பற்றிச் சொன்னான். அவர் முகம் சுருங்கியது.

“ஒரு ஆட்சேபணை கூட வரவில்லை என்றல்லவா ரிப்போர்ட்டில் இருந்தது. தோட்டம் வந்தால் ஆயிரம் பேருக்குக் கூலி கிடைக்கும், ரோடு வரும் என்று நானும்தான் பேசினேன். மாட்டுக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். அப்படி இல்லையா?”

“இல்லீக ஐயா.”

“ஒரே ஒரு காகிதம் போட்டிருக்கக் கூடாதா? கைநாட்டு வைத்த ஒரு துண்டுக் காகிதம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நான் சபையில் எழுந்து நின்றிருப்பேனே. இப்போது குத்தகை கையெழுத்தாகிவிட்டது.”

“நீங்கதான் கயித்தப் பிடிச்சுச் சொன்னீகளே, ஐயா.”

அவர் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார். “எந்தக் கயிறு?” என்றார்.

கருத்தக்கண்ணன் தம்ளரைக் கீழே வைத்தான். பஸ் ஏறித் திரும்பினார்கள். ஓடையைத் தாண்டி ஊருக்குள் நுழைந்ததும் நேரே தொழுவுக்குப் போய், பட்டத்துக் காளையின் கழுத்துக் கயிற்றை அரிவாளால் அறுத்து ஓடையில் எறிந்தான். பிறகு வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தான்.

மாடுகள் கீழே மேய இடம் இல்லை. வாய்க்கால் ஓரமெல்லாம் நெல். வயலில் வாய் வைத்தால் பிடித்துச் சர்க்கார் பட்டியான பவுண்டில் அடைத்தார்கள். காலையில் படலைத் திறந்தால், பழகிய நேரத்துக்குப் பழகிய பாதையில் ஏறிப் போய்க் கம்பி வேலியில் நெஞ்சை வைத்துக்கொண்டு நின்றன. வெயில் ஏறும் வரை அப்படியே நிற்கும். மொக்கம்மாள் ஒருத்தியாகப் போய் முடுக்கிக் கீழே கொண்டுவருவாள். மறுநாளும் ஏறும். வைகாசிக்குள் நாலு கன்று செத்தது. மற்ற வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக விற்றார்கள்.

ஒரு நாள் கஞ்சியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

“அன்னைக்கு அவுக காளைக்குப் பயந்துதான் கயித்தப் பிடிச்சாக. நான் அப்பவே பாத்தேன்.”

அவன் திரும்பவில்லை. கஞ்சியில் ஆடை கட்டியது. கோபம் எதுவும் இல்லாமல், ஏதோ சின்ன விஷயத்தைக் கேட்பது போலக் கேட்டான்.

“அப்பவே சொல்லியிருக்கலாம்லத்தா?”

அவ்வளவுதான். அதைப் பற்றி அதற்குப் பிறகு அவன் பேசவே இல்லை. மாட்டை விற்கட்டுமா என்று அவள் கேட்டபோது போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். அவளே உத்தமபாளையத்துக்கு ஆளனுப்பிச் சொன்னாள்.

மாட்டு வியாபாரி அப்துல் ஜலீல் ராவுத்தர் இரண்டு ஆட்களோடு வந்தார். பட்டத்துக் காளையைத் தவிர்த்து மற்ற முப்பத்தேழையும் சுற்றிப் பார்த்தார். விலையைக் குறைத்துப் பேசவில்லை. கூடலூர் வழியாக மலையாளத்துக்கு ஓட்டிப் போகப் போவதாகச் சொன்னார்.

“அங்கன எதுக்குங்க?” என்று கேட்டாள்.

“நல்லா இருக்கிறது உழவுக்குப் போகும். மத்தது...” அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். “ஒங்ககிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன் ஆத்தா.”

அவள் தலையாட்டினாள். அவருடைய ஆள் தென்னங்கயிற்றுக் கட்டை அவிழ்த்து, முதல் பசுவின் கழுத்தில் கட்டினான். ஆறு ஈத்து ஈன்ற பசு. பிறந்த நாளிலிருந்து கழுத்தில் எதுவும் ஏறாத மாடு. கயிறு விழுந்ததும் துள்ளிப் பின்னால் இழுத்தது. அவனும் இழுத்தான். கயிற்றின் பிசிறு தோலைச் சிராய்த்தது. மாடு ரத்தம் தெரிகிற வரைக்கும் இழுத்தது. மற்ற மாடுகள் தொழுவின் மூலையில் ஒன்றாக ஒண்டின.

“நிறுத்துங்க ராவுத்தரே!”

அவர் கையைக் காட்டினார். ஆள் விட்டான்.

“இந்தக் கயிறு வேணாம். கூடலூர் போய்ச் சேர்றதுக்குள்ள கழுத்தெல்லாம் புண்ணாகி ஈ மொய்க்கும். சணப்புல நான் திரிச்சுத் தாரேன். எட்டு நாள் கெடு குடுங்க.”

ராவுத்தருக்கு இந்த மலையடி வழக்கமெல்லாம் தெரியும். முப்பது வருஷமாக மாடு பிடிக்கிறவர். “விக்கிற வீட்டுக் கயிறு மாட்டோட போகக் கூடாதும்பாகளே ஆத்தா. ஒங்க தொழுவத்துக்கு ஆகாதுல்ல?”

“இனிமே ஆக என்ன இருக்கு இங்கன?”

அவர் எட்டு நாள் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு, தென்னங்கயிற்றைத் தாமே சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். அடிபட்ட பசுவுக்கு மஞ்சளை இழைத்துப் பூசினாள் மொக்கம்மாள்.

அன்று மத்தியானமே உட்கார்ந்தாள். சோணையம்மாள் வந்து எதிரே நின்றாள்.

“ஏத்தா, ஒனக்கென்ன கிறுக்கா? ஓட்டிட்டுப் போறவன் கயிறு கொண்டாந்து கட்டிக்கிறான். நீ ஏன் கை தேயத் திரிக்கணும்?”

“நார் சும்மாதானே கெடக்கு.”

“நார் கெடக்கு, சரி. ஒன் மனசு?”

மொக்கம்மாள் நாரை எடுத்தாள். சோணையம்மாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, சிக்கெடுத்து நாரை நீட்டத் தொடங்கினாள். அந்த எட்டு நாளும் அவள் ஒரு கிண்டல்கூடப் பேசவில்லை.

ஒரு நாளைக்கு ஐந்து கயிறு. ஒவ்வொன்றையும் திரித்து முடித்ததும், வேப்பமரத்தில் கட்டி இழுத்து முறுக்கைச் சமன் செய்தாள். பழந்துணியால் நீள உருவிப் பிசிறு எடுத்தாள். பிறகு விளக்கெண்ணெயைத் தொட்டு நீவினாள், கயிறு துணி போல மடங்கும் வரை. கழுத்து பெருத்த மாட்டுக்கு அரை முழம் கூட விட்டாள். இன்ன கயிறு இன்ன மாட்டுக்கு என்று அவளுக்கே தெரியும். ராவுத்தருடைய ஆட்கள் அப்படிப் பார்த்துக் கட்டப் போவதில்லை என்பதும் தெரியும். இருந்தாலும் அளந்தே திரித்தாள். உள்ளே கருத்தக்கண்ணன் படுத்திருந்தான். தொடையில் உள்ளங்கை உரசுகிற சத்தம் அவனுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். ஒரு தடவை மட்டும் எழுந்து வந்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். திண்டு போல ஏறியிருந்த கயிற்றுக் குவியலைப் பார்த்தான். எண்ணெய்க் கிண்ணம் காலியாக இருப்பதைக் கண்டு, உள்ளே போய்ப் புட்டியை எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

எட்டாம் நாள் காலையில் ராவுத்தர் வந்தார். கயிறுகள் பத்துப் பத்தாகக் கட்டியிருந்தன. கடைசிக் கட்டில் ஏழு. அவர் ஒன்றை உருவி, விரலுக்கு இடையில் ஓட்டிப் பார்த்தார். முண்டு இல்லை, பிசிறு இல்லை. முப்பது வருஷ வியாபாரி. அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

“இதைச் சுருக்குப் போட்டுக் கட்டக் கூடாது ராவுத்தரே. இப்படி.” தன் முழங்கையிலேயே ஒரு கயிற்றைச் சுற்றி முடிச்சைப் போட்டுக் காட்டினாள். “இழுத்தாலும் இறுகாது. ஒங்க ஆளுகளுக்குச் சொல்லுங்க.”

“நானே கட்டுறேன் ஆத்தா. முப்பத்தேழையும்.”

“மொத நாள் இழுக்கும். மிரளும். அடிக்காதீக. கொஞ்ச தூரம் அது போக்குல விட்டா வந்துரும்.”

“சரி.”

முழங்கையிலிருந்த முடிச்சை அவிழ்த்து, அந்தக் கயிற்றை உதறி நீவி மற்றவற்றோடு வைத்தாள். ராவுத்தர் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். மொக்கம்மாள் நான்கு கட்டையும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கி, அவர் கைகளில் வைத்தாள்.